பூசிய சுவருக்குள் புது வயர்

ஏசி வாங்குவது ஒரு மணி நேர வேலை. அதற்கு மின் இணைப்பு கொடுப்பது சில வீடுகளில் ஒரு வாரத்தை விழுங்கிவிடுகிறது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் கட்டிய வீட்டின் படுக்கையறையில் ஒரு ட்யூப்லைட், ஒரு ஃபேன், கட்டில் ஓரமாக ஒரு 6 ஆம்ப் பிளக் பாயிண்ட் இருக்கும். அன்றைக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒன்றரை டன் ஏசிக்கோ 16 ஆம்ப் பாயிண்ட் வேண்டும். வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸிலிருந்து நேராகத் தனி வயர் வர வேண்டும். அதுவும் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயராக இருந்தால் நல்லது. டிபி பாக்ஸ் இருப்பது வாசல் பக்கம். படுக்கையறை வீட்டின் பின்கோடியில். நடுவே மூன்று சுவர்கள், ஒரு கான்கிரீட் கூரை, போன பொங்கலுக்கு அடித்த பெயின்ட்.

கீசர், இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, சிசிடிவி கேமரா, மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜர் என்று வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் இதே கேள்வியைத்தான் எழுப்புகிறது. பூசி, பட்டி பார்த்து, வண்ணம் அடித்து முடித்த சுவருக்குள் புதிய வயரை எப்படிக் கொண்டுபோவது?

இதற்கென்றே உலகம் முழுக்க ஏராளமான கருவிகள் இருக்கின்றன. இருட்டில் ஒளிரும் கோல்கள், காந்தம் பொருத்திய சங்கிலிகள், ஆறடி நீளத்துக்கு வளையும் துளைப்பான்கள் என்று ஆன்லைன் கடைகளில் பார்த்தால் ஆசையாக இருக்கும். வீடியோவில் ஓர் அமெரிக்கர் கால் மணி நேரத்தில் வேலையை முடித்துக் கை தட்டிக்கொண்டு போகிறார். அதைப் பார்த்து அந்தக் கருவியை வாங்கி, நம் ஊர்ச் செங்கல் சுவர்முன் நின்றால் ஒன்றும் நடக்காது. குறை கருவியில் இல்லை. அது வேறொரு சுவருக்காகப் பிறந்தது.

உள்ளே வெற்றிடம் உள்ள சுவர்

அமெரிக்க வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனது. சுமார் 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்துச் சட்டங்களை நிறுத்தி, இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகையை அறைந்துவிடுகிறார்கள். இரண்டு பலகைகளுக்கும் நடுவே வெறும் காற்றோ, குளிர் தாங்கும் பஞ்சோதான் இருக்கும். அங்கே எலக்ட்ரீஷியனின் வேலை, அந்த வெற்றிடத்தின் ஒரு முனையில் வயரை நுழைத்து மறுமுனையில் பிடித்து எடுப்பது. தூண்டில் போடுவதைக் குறிக்கும் சொல்லையே அந்த வேலைக்கும் வைத்திருக்கிறார்கள்.

இந்த வேலை மின்சாரத்துக்கும் மூத்தது. 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மாளிகைகளில் வேலைக்காரரை அழைக்க ஒவ்வொரு அறையிலும் மணிக்கயிறு உண்டு. அதன் கம்பியைச் சுவர்களுக்குள் ஓட்டுவதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய மெல்லிய, நீண்ட துளைப்பானுக்கு அந்த மணிக்காரர்களின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முனை அருகே ஒரு சிறு ஓட்டை இருக்கும். துளைத்து மறுபக்கம் முனை வெளிவந்ததும் அந்த ஓட்டையில் கம்பியைக் கட்டி, துளைப்பானைப் பின்னுக்கு இழுத்தால் கம்பியும் கூடவே வந்துவிடும். போட்ட துளையும் வீணாகவில்லை, போன வழியும் வீணாகவில்லை. இன்று விற்கும் வளையும் துளைப்பான்கள் இதே உத்தியில்தான் வேலை செய்கின்றன. 54 அங்குலம், 72 அங்குலம் என்று நீண்டு, சுவிட்ச் பாக்ஸுக்காக வெட்டிய சிறு துவாரம் வழியே உள்ளே போய், சுவருக்குள்ளேயே திரும்பி, கூரைப் பக்கச் சட்டத்தைத் துளைத்துவிடும்.

1830களில் சிகாகோ பக்கம் பரவிய ஒரு வகை மரவீட்டில், நிலவறையிலிருந்து பரண் வரை சுவரின் வெற்றிடம் தடையில்லாமல் நீண்டிருக்கும். எலக்ட்ரீஷியனுக்கு அது வரப்பிரசாதம். பரணில் நின்றுகொண்டு ஒரு மணிச்சங்கிலியை உள்ளே விட்டால் அது சரசரவென்று கீழே இறங்கும்; கீழே காந்தத்தால் அதைப் பிடித்து எடுத்துவிடலாம். அதே வெற்றிடம் தீக்கும் வசதியாக இருந்தது. நிலவறையில் பிடித்த நெருப்பு நேராகப் பரணுக்கு ஏறியது. பின்னாளில் மாடிக்கு மாடி வெற்றிடத்தை மரக்கட்டையால் அடைக்கும் முறை வந்தது. வீடு பாதுகாப்பானது; வயர் இழுப்பது கடினமானது. வளையும் துளைப்பானுக்கும் இருட்டில் ஒளிரும் கண்ணாடியிழைக் கோலுக்கும் அங்கே மவுசு கூடியதற்கு இது ஒரு காரணம்.

நம் சுவரில் இருக்கும் ஒரே வழி

தமிழ்நாட்டு வீட்டின் வெளிச்சுவர் 9 அங்குலம், உள்தடுப்புச் சுவர் நாலரை அங்குலம். செங்கல், சிமென்ட், பூச்சு எல்லாம் சேர்ந்து முழுக்கத் திடம். உள்ளே வெற்றிடம் என்று ஒன்று இருந்தால், அது கட்டும்போதே யாரோ புதைத்து வைத்த பிவிசி பைப்பின் உட்புறம் மட்டும்தான்.

முன்பு இந்தப் பிரச்சினையே கிடையாது. தேக்குப் பட்டியைச் சுவரில் ஆணியடித்து, அதன்மேல் வயரை ஓட்டி, சாண் இடைவெளிக்கும் குறைவாகக் கிளிப் போட்டு மடக்கினார்கள். பேட்டன் வயரிங் என்ற அந்த முறையில் ஒவ்வொரு வயரும் கண்ணுக்குத் தெரியும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பக்கத்திலேயே இன்னொரு வயரை ஓட்டலாம். சுவருக்குள் மறைக்கும் கன்சீல்டு வயரிங் பரவிய பிறகு வீடு அழகானது. எது எங்கே போகிறது என்பது மட்டும் அன்றைக்கு வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஆக, நம் ஊரில் முதல் கேள்வி: பழைய பைப்பில் இடம் இருக்கிறதா? வீட்டு வயரிங்கில் அதிகம் பயன்படுவது முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் பைப்புகள். பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வயரால் நிரப்பக் கூடாது என்பது இத்தொழிலின் பொதுவிதி. மீதி இடம் வயரின் சூடு ஆறவும், நாளைக்கு ஒரு வயர் பழுதானால் உருவி எடுக்கவும் வேண்டும். 20 மில்லிமீட்டர் பைப்பின் உட்புற விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். உள்பரப்பு ஏறத்தாழ 200 சதுர மில்லிமீட்டர். அதில் பயன்படுத்தத்தக்கது 80. 2.5 ஸ்கொயர் வயர் ஒன்று அதன் உறையோடு சேர்த்துச் சுமார் 10 சதுர மில்லிமீட்டரை அடைத்துக்கொள்ளும். ஆக எட்டு வயரோடு கணக்கு முடிகிறது. ஏற்கெனவே ஏழு ஓடும் பைப்பில் ஏசிக்காக இன்னும் மூன்றைத் திணித்தால், உள்ளே போனாலும் போகும். அந்தத் திணிப்பின் சூடு வெயில் காலத்தில் பேசும்.

முதலில் மெல்லியது, பிறகு தடித்தது

இடம் இருந்தால், அடுத்து வருவது வயர் இழுக்கும் ஸ்பிரிங். எஃகாலோ நைலானாலோ ஆன நீண்ட நாடா. வளைத்தாலும் நிமிர்ந்துவிடும் தன்மை கொண்டது. தள்ளினால் மடங்காமல் முன்னேறும். அதன் தலையில் பெண்டுகளில், அதாவது பைப்பின் வளைவுகளில், திரும்புவதற்காக நெகிழும் சுருள் இருக்கும், வாலில் வயர் கட்ட ஒரு கண் இருக்கும். எஃகு நாடாவை நீண்ட தூரம் தள்ளலாம். நைலான் மின்சாரத்தைக் கடத்தாது, வளைவுகளில் எளிதில் திரும்பும், ஆனால் தூரம் கூடினால் துவண்டுவிடும். இது இரண்டும் இல்லாதபோது கட்டுக் கம்பியையோ ஜிஐ கம்பியையோ மடக்கித் தள்ளிப் பார்ப்பவர்களும் உண்டு. கூரான அதன் முனை உள்ளே இருக்கும் வயர்களின் உறையைக் கீறிவிடக்கூடும் என்பதுதான் ஆபத்து.

நாடா மறுமுனையில் எட்டிப் பார்த்ததும் வேலை பாதி முடிந்தது. புது வயர்களின் முனையில் உறையைச் சீவி, எல்லாம் ஒரே இடத்தில் குவியாதபடி ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் மாட்டி, இன்சுலேஷன் டேப்பால் வழுவழுப்பாகச் சுற்ற வேண்டும். முடிச்சு குண்டாக இருந்தால் முதல் பெண்டிலேயே சிக்கும். ஒருவர் இழுக்க, மறுமுனையில் இன்னொருவர் வயர் முறுக்கிக்கொள்ளாமல் உள்ளே ஊட்டிக்கொண்டிருப்பார். ‘விடு, விடு’, ‘நிறுத்து’ என்று அறைக்கு அறை குரல் கேட்பது இந்தக் கட்டத்தில்தான்.

பைப் நேராக இருந்தால் பள்ளிச் சிறுவனே இழுத்துவிடுவான். பெண்டுகள்தான் கை வலியைத் தருகின்றன. முரட்டுக் காளையின் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே அதைப் பிடித்து நிறுத்திவிட முடிகிறதல்லவா, அதே இயற்பியல் இங்கே எதிராக வேலை செய்கிறது. வளைவில் உரசும் கயிற்றின் இழுவிசை எப்படிப் பெருகும் என்பதை 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை லியோனார்ட் ஆய்லர் சூத்திரமாக்கியிருக்கிறார். உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், ஒரு செங்கோண பெண்டைத் தாண்டும்போது 1 கிலோ இழுப்பு 2.2 கிலோவாகிறது. இரண்டில் 4.8, மூன்றில் 10.6, நான்கில் 23 கிலோ. ஒவ்வொரு பெண்டும் முந்தைய சுமையைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மொத்த வளைவு 360 டிகிரியை, அதாவது நான்கு செங்கோண பெண்டுகளைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மின் விதித்தொகுப்பு வரையறுத்திருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

அதே கணக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறது. உராய்வைப் பாதியாகக் குறைத்தால் நான்கு பெண்டுகளுக்கான 23 கிலோ, 5 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். எலக்ட்ரீஷியன்கள் வயரின்மேல் டால்கம் பவுடரைத் தடவுவது வெறும் பழக்கத்தால் அல்ல. இதற்கென்றே தண்ணீர் சேர்த்துத் தயாரித்த வழுக்குக் கூழும் கடையில் கிடைக்கிறது. கிரீஸ், எஞ்சின் ஆயில் மட்டும் ஆகாது. அவை நாளடைவில் உறையைக் கெடுத்துவிடும்.

மெல்லியதை முதலில் அனுப்பி, அதைப் பிடித்துக்கொண்டு தடித்ததை வரவழைக்கும் உத்தி எங்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு சுவையான உதாரணம் உண்டு. 1971இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் துகள் முடுக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் ஃபெர்மி ஆய்வகம் என்று பெயர் பெற்ற நிலையம் அது. நீண்ட உலோகக் குழாய்களுக்குள் கிடந்த தூசியையும் சீவல்களையும் துடைத்தெடுக்க வேண்டும். ஃபெலிசியா என்ற ஃபெர்ரட்டைக் கொண்டுவந்தார்கள். வளைகளுக்குள் முயலைத் துரத்திப் பழகிய, நீண்ட மெல்லிய உடல்கொண்ட பிராணி அது. கழுத்துப் பட்டையில் ஒரு நூலைக் கட்டி விட்டதும் சுமார் 300 அடிக் குழாய்க்குள் ஓடி மறுமுனையில் வெளியே வந்தது. அந்த நூலில் துடைப்பானைக் கட்டி இழுத்தார்கள். பிறகு அதன் இடத்தை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

இன்று வீட்டு பைப்புக்குள் நூலைக் கொண்டுபோகும் அதே வேலையை வாக்குவம் கிளீனர் செய்கிறது. பைப்புக்குள் தளர்வாகப் போகும் சிறு பஞ்சுத் துண்டில் மெல்லிய நூலைக் கட்டி ஒரு முனையில் வைத்துவிட்டு, மறுமுனையில் வாக்குவத்தைப் பொருத்தினால் பஞ்சு நூலோடு பறந்து வரும். நூலால் கயிறு, கயிற்றால் வயர். பைப் காலியாகவோ, உள்ளே வயர் குறைவாகவோ இருந்தால் இது நன்றாகவே பலிக்கும்.

அடைபட்டால்?

கான்கிரீட் போடும் நாளில் பைப்பின் இணைப்பு சரியாக ஒட்டாமல் இருந்தால் சிமென்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிடும். படத்துக்கு அடித்த ஆணி பைப்பைத் துளைத்திருக்கலாம். வேலையாட்கள் மிதித்து பெண்டு நசுங்கியிருக்கலாம். நாடா ஓரிடத்தில் முட்டி நின்றால், விவரமறிந்தவர் பலத்தைக் காட்டமாட்டார். பெட்டியின் வாயில் நாடாவில் ஓர் அடையாளம் வைத்து வெளியே உருவி, உள்ளே போன நீளத்தைச் சுவரின்மேல் அளப்பார். மறுமுனையிலிருந்தும் ஒருமுறை அளந்தால் அடைப்பு இருக்கும் இடம் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். முழுச் சுவரையும் பறிக்காமல் ஒரு சாண் இடத்தை மட்டும் உடைத்துச் சரிசெய்யலாம். செல்போனில் இணைக்கும் பென்சில் தடிமனுள்ள எண்டோஸ்கோப் கேமரா இப்போது இந்த வேலைக்குக் கைகொடுக்கிறது.

சுவருக்குள் இருப்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கும் டிடெக்டர்களும் உண்டு. உலோகத்தையும் மின்சாரம் ஓடும் வயரையும் இவை காட்டிவிடும். ஈரச் சுவரில் தவறாகச் சிணுங்கும். வயர் இல்லாத வெறும் பிவிசி பைப்பை எளிய டிடெக்டர்கள் கண்டுகொள்வதில்லை. விலை கூடிய ரேடார் வகைகள் அதையும் ஓரளவு பார்க்கின்றன.

எஃகு நாடாவை உள்ளே விடுமுன் மெயினை அணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அது போதாது. மெயின் போனதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு சில வயர்களுக்கு மின்சாரம் கொடுக்கும். அதையும் அணைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

காடி வெட்டும் நாள்

பைப்பே இல்லை என்றால் காடிதான். சுவரில் கோடு போட்டு, கட்டர் மிஷினால் இணையாக இரண்டு வெட்டு வெட்டி, நடுப்பகுதியை உளியால் கொத்தி எடுத்து, பைப்பைப் பதித்துப் பூசுவது. இரண்டு வைர வட்டுகள் பக்கம் பக்கமாகச் சுழலும் வால் சேசர் ஒரே ஓட்டத்தில் இரு வெட்டையும் போட்டுவிடும். தூசியை உறிஞ்சும் குழாயோடு வரும் கருவி அது.

எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதற்கும் அளவு உண்டு. செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1905, செங்குத்துக் காடி சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்குக்கும் மேல் போகக் கூடாது என்கிறது. நாலரை அங்குலச் சுவருக்கு இதே கணக்கைப் போட்டால் செங்குத்தாக 38 மில்லிமீட்டர் வெட்டலாம். முக்கால் இஞ்ச் பைப் வசதியாக உட்காரும். கிடைமட்டமாக 19 மில்லிமீட்டர்தான், பைப்பே மறையாது. மெல்லிய சுவரில் வயரைக் குறுக்கே ஓட்டாமல் மேலே கூரையோரம் கொண்டுபோய் இறக்குவதே முறை. சுவர் பாரம் தாங்குவதாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் தொடக் கூடாது. தூணிலும் பீமிலும் கம்பி தெரியும் அளவுக்கு வெட்டுவது வீட்டின் எலும்பில் கைவைப்பது.

காடியின் பெரிய விலை தூசி. செங்கல்லிலும் மணலிலும் உள்ள சிலிகா, வைர வட்டில் அரைபட்டுக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக மிதக்கிறது. நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தருவது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை படிக சிலிகாத் தூசியை 1997இலேயே உறுதியான புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்பதுதான் அனுமதிக்கப்பட்ட உச்சம். நம் ஊரில் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கட்டர் பிடிக்கும் இளைஞருக்கு அந்தத் துணி போதிய பாதுகாப்பு தராது. குறைந்தபட்சம் என்95 முகக்கவசம், தூசி உறிஞ்சும் இணைப்பு, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும்.

காடியைச் சிமென்ட் கலவையால் அடைக்கும்போது மேலே சிக்கன் மெஷ் வைத்துப் பூசினால் பின்னால் விரிசல் விழுவது குறையும். தண்ணீர் தெளித்து இறுக விட்டு, காய்ந்த பிறகு பட்டி, பிரைமர், பெயின்ட். ஏசி ஓடத் தொடங்க ஏன் ஒரு வாரம் ஆகிறது என்பது இப்போது புரியும்.

வெட்ட மனமில்லாதவர்களுக்கு பிவிசி கேசிங் கேப்பிங் இருக்கிறது. சுவரின்மேல் ஒட்டும் பட்டிக்குள் வயரை வைத்து மூடிவிடலாம். கூரையோரத்திலும் கதவு நிலையோரத்திலும் ஓட்டினால் கண்ணை உறுத்தாது. செட்டிநாட்டு வீடுகளின் பழைய சுண்ணாம்புப் பூச்சு போன்றவற்றை ஒருமுறை வெட்டினால் அதே பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். அங்கே மேலாக ஓட்டுவதே சுவருக்குச் செய்யும் மரியாதை.

இன்னொரு பக்கம், நம் வீடுகளுக்கும் வெற்றிடம் வந்துவிட்டது. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்ட அறையில் கூரைக்கும் பலகைக்கும் நடுவே பல அங்குல இடைவெளி. விளக்குக்காக வெட்டிய வட்டத் துவாரம் வழியே ஒளிரும் கோலை நீட்டி, அறையின் மறுகோடியில் வயரைப் பிடிக்கலாம். அமெரிக்க மரவீட்டுக்குப் பிறந்த கருவி நம் கூரைக்கடியில் வேலை பெற்றுவிட்டது.

மூடுவதற்கு முன்

இழுத்த வயர் வழியில் எங்கும் கீறப்படவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதற்கு வயர் உறையின் மின்தடையை அளக்கும் மெக்கர் வேண்டும். 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் குறைந்தது 1 மெகோம் காட்ட வேண்டும். புது வயருக்கு அதைவிடப் பல மடங்கு வரும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி டிபி பாக்ஸில் இல்லையென்றால், அதைப் பொருத்திக்கொள்ளவும் இதுதான் நேரம். புதிய மின்பாதை இழுப்பது உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. தமிழ்நாட்டில் மின்கம்பியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் தேர்வு வைத்துத் தகுதிச் சான்றிதழ் வழங்க மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு இந்தத் தலைவலியில் பெரும்பகுதி தேவையில்லை. டிபி பாக்ஸிலிருந்து ஒவ்வொரு படுக்கையறைக்கும், மொட்டை மாடிக்கும், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் ஒரு இஞ்ச் பைப் ஒன்றைக் காலியாக விட்டு, உள்ளே நைலான் கயிறு போட்டு இரு முனையையும் மூடி வைக்கலாம். இணையக் கேபிளுக்கும் கேமராவுக்கும் தனிப் பைப் வேண்டும். மின்சார வயரோடு அவற்றைச் சேர்த்து ஓட்டக் கூடாது. பூச்சு வேலை தொடங்குவதற்கு முதல் நாள், ஒவ்வொரு சுவர் ஓரமும் டேப்பை விரித்துப் பிடித்து, பைப் தெரியும்படி செல்போனில் படமெடுத்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். கூரைக்குக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னாலும் இதேபோல் ஒருமுறை. அந்தப் படங்களை அச்செடுத்து வீட்டு வரைபடத்தோடு சேர்த்து வைத்துவிட்டால், பிறகு ஏசி மாட்ட வரும் எலக்ட்ரீஷியன் டிடெக்டரைப் பையிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.